படுக்க வைத்து ஊட்டாதீர்கள்

கேள்வி: மாமனாருக்கு 74 வயது. நிமோனியாவுக்கு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். சளி கட்டும் என்று அத்தை தண்ணீரைக்கூட அளந்துதான் தருகிறார். படுத்தபடியேதான் கஞ்சி ஊட்டுகிறோம். காய்ச்சல் இல்லை. ஆனால் நேற்றிரவு என் கணவரையே யாரென்று கேட்டார். வயசுக் கோளாறா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கடிதம் கிடைத்த அன்றே போனில் சொல்லிவிட்டேன், உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று. மற்ற வீடுகளுக்காக இங்கும் எழுதுகிறேன். நிமோனியாவில் நுரையீரலின் காற்றுப் பைகளில் நீரும் சீழும் கோத்துக்கொள்கின்றன. முதியவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காமல் நோய் முற்றலாம். திடீர்க் குழப்பம், ஓயாத தூக்கம், சாப்பாட்டை ஒதுக்குவது ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் அறியாமல் ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 30-ஐத் தொட்டால் ஆஸ்பத்திரிதான். விரல்நுனிக் கருவியில் ஆக்ஸிஜன் 92-க்குக் கீழே இறங்கினாலும் அப்படியே. விரல் சில்லிட்டிருந்தால் அளவு தப்பாகக் காட்டும். தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

அந்தக் கஞ்சி விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. படுத்தவர் வாயில் ஊற்றும் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, ஆறிவரும் நுரையீரலில் மறுபடி நிமோனியாவைக் கிளப்பும். நெஞ்சுநோய் வார்டில் வேலை பார்த்த 31 வருடங்களில், பாசத்தோடு ஊட்டிய கைகளே இதைச் செய்ததைப் பலமுறை பார்த்துக் கலங்கியிருக்கிறேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். முகவாய் சற்றே தாழ்ந்திருக்கட்டும். சின்ன ஸ்பூன், ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகே அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் சாயவிடாதீர்கள். விழுங்கும்போதெல்லாம் இருமினால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாயைச் சுத்தமாக வைப்பதும் வைத்தியம்தான். வாயில் பெருகும் கிருமிகள் தூக்கத்தில் எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்குகின்றன. காலையும் இரவும் பல் துலக்கிவிடுங்கள். பல்செட்டை ராத்திரி கழற்றிக் கழுவி வையுங்கள்.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: தண்ணீர் சளியை இளக்கும், கட்டாது. இதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டர் சொன்ன அளவு. இருமலை அடக்கும் மருந்தை நீங்களாக வாங்கித் தர வேண்டாம்; சளி வெளியேற இருமல் வேண்டும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னால் வலி குறையும். ஆன்டிபயாடிக்கை, தேறிவிட்டார் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். அசதி தீர வாரக்கணக்கில் ஆகும். அத்தையும் கூட உட்கார்ந்து ஊட்டட்டும், அவர் கைக்குத்தான் மாமனார் வாய் திறப்பார்.