உறைந்த பாறையை வைத்து மேன்டிலின் பழைய கதையை எப்படிச் சொல்கிறார்கள்?

"எரிமலைக் குழம்பு உறைந்த காலத்தைத்தானே பாறை காட்டும், அது உருகி வந்த மேன்டிலை (பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள பாறை அடுக்கை) பற்றி எப்படித் தெரியும்?" என்பது கேள்வி.

உருகும்போது தனிமங்களின் அளவு தாறுமாறாக மாறும். ஆனால் நியோடிமியம் போன்ற கனமான தனிமத்தின் ஐசோடோப்பு விகிதம் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின் விகிதம்) மாறாது, மூலத்தில் இருந்தபடியே குழம்போடு மேலே வரும். சமாரியம்-147 மிக மெதுவாகச் சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது. அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 10,600 கோடி ஆண்டு. மேன்டில் ஒருமுறை உருகினால் நியோடிமியம்தான் அதிகம் வெளியேறும், மிச்சத்தில் சமாரியத்தின் பங்கு கூடும். அப்புறம் காலம் போகப் போக அங்கே நியோடிமியம்-143 ஏறும். பாறையின் வயது தெரிந்தால், உறைந்த பிறகு சேர்ந்ததைக் கழித்துவிடலாம். மீதி, மூலத்தினுடையது.

எனக்குப் பிடித்த உதாரணம் கிரீன்லாந்தின் இசுவா. வயது சுமார் 370 கோடி ஆண்டு. அங்குள்ள பாறைகளில் இன்னொரு ஐசோடோப்பான நியோடிமியம்-142 இன்றைய பாறைகளைவிடப் பத்து லட்சத்தில் 10 முதல் 20 பங்கு கூடுதல். அவ்வளவுதான், ஆனால் அதுவே போதும். அதைத் தரும் சமாரியம்-146 இன் அரை ஆயுள் ஏறக்குறைய 10 கோடி ஆண்டு. பூமி பிறந்த 50 கோடி ஆண்டுக்குள் அது கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அப்படியென்றால் இசுவாவின் மூல மேன்டில் அதற்கு முன்பே உருகிப் பிரிந்திருக்க வேண்டும்.

ருபிடியம் ஸ்ட்ரான்சியமாகச் சிதைவதை வைத்துக் கணக்கிடும் ருபிடியம்-ஸ்ட்ரான்சியம் முறையை இவ்வளவு பழைய பாறையில் நான் நம்பமாட்டேன். நிலத்தடி வெந்நீர் ஊடுருவினாலே அது கலைந்துவிடும்.