வேப்பமரத்தில் தொங்கும் கலயம்

ஐயா,

அப்பா போய் நாற்பது நாளாகிறது. கோபி பக்கம் எங்கள் ஊர். மின்மயானத்தில் எரித்தோம். அன்று சாயங்காலமே அஸ்தியை மண் கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் தோப்பு வேப்பமரத்தில் கட்டினோம். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. பவானி கூடுதுறையில் கரைத்தே ஆக வேண்டும் என்கிறாள் அக்கா. 'கோயில் வாசலை மிதிக்காத மனுசருக்கு மந்திரமா? தோப்பிலேயே தூவிவிடுவோம்' என்கிறான் தம்பி. அப்பா எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பிரித்துக்கொள்ளலாம் என்றால், அஸ்தியைப் பிரிப்பது பாவம் என்கிறார் சித்தி. நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சித்தியிடமிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுலபம். பிரிக்கலாம். 1948இல் காந்தியின் அஸ்தி பல கலசங்களில் நாடெங்கும் போனது. கன்னியாகுமரியில் கரைப்பதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைத்த இடத்தில்தான் இன்று காந்தி மண்டபம் நிற்கிறது. அதைப் பாவம் என்று சித்தியும் சொல்லமாட்டார். ஆனால் அந்தக் கலசங்களில் ஒன்று கட்டாக்கில் ஒரு வங்கிப் பெட்டகத்திலேயே கிடந்துவிட்டது. அலகாபாத் சங்கமத்தில் அது கரைந்தது 1997 ஜனவரி 30ஆம் தேதி. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பதற்கு அவ்வளவு நீளம் உண்டு. உங்கள் நாற்பது நாள் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் வளரவிடாதீர்கள்.

தம்பிக்கு நேருவின் உயிலைச் சொல்லுங்கள். 1954இல் எழுதியது. தனக்கு மதச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ஒரு கைப்பிடிச் சாம்பலை அலகாபாத்தில் கங்கையில் விடச் சொல்கிறார். இதில் மதம் இல்லை, சிறுவயது முதல் அந்த ஆற்றோடு தனக்கு இருக்கும் பிரியம்தான் காரணம் என்கிறார். மிச்சத்தில் பெரும்பகுதியை விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்கள்மேல் தூவச் சொன்னார். (அப்படி எழுதிவைத்தவரையும் 1964இல் சடங்குகளோடுதான் எரித்தார்கள். எழுதாமல் போன உங்கள் அப்பாவுக்காகப் பிள்ளைகள் முட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.) நம்பாதவர் ஆற்றுக்குப் போகக் கூடாது என்று தம்பி நினைப்பது சரியல்ல. மந்திரம் வேறு, ஆறு வேறு.

உங்கள் தோப்புக்கு எந்தத் தண்ணீர் பாய்கிறது? கடிதத்தில் இல்லை. கோபி பக்கம் என்பதால் தடப்பள்ளி வாய்க்காலோ அரக்கன்கோட்டை வாய்க்காலோ என்று நினைக்கிறேன். இரண்டும் கொடிவேரி அணையில் பவானி ஆற்றிலிருந்து பிரிபவை. வாய்க்காலில் திரும்பாத தண்ணீர் அப்படியே இறங்கிக் கூடுதுறையில் காவிரியோடு சேருகிறது. அக்கா காட்டும் தண்ணீரும் தம்பி காட்டும் மண்ணும் ஒரே ஆற்றைக் குடித்தவை. உங்கள் அப்பா ஆயுசெல்லாம் மடை திருப்பியது அந்தத் தண்ணீரைத்தானே? பாதியைக் கூடுதுறைக்கு எடுத்துப் போங்கள். அக்கா வேண்டுமானால் மந்திரம் சொல்லவைக்கட்டும், தம்பி கரையில் நிற்கட்டும். மீதியைத் தோப்பில் தூவும்போது யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

என் அம்மாவைக் கடலில் கரைக்கப் போனபோது எங்களுக்கு முன்னால் நாலு குடும்பம் வரிசையில் நின்றது. புரோகிதருக்கு அவசரம். அம்மாவின் பெயரையே ஒருமுறை மாற்றிச் சொன்னார். அந்தக் கோபத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நான் பார்க்கவில்லை. கலயத்தைக் கவிழ்த்ததும் பாதிச் சாம்பல் திரும்பி என் சட்டைமேல் வந்தது. பக்கத்தில் நின்ற பையன், யார் வீட்டுப் பிள்ளையோ, சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சட்டையை இரண்டு நாள் துவைக்கப் போடவில்லை.

ஆகவே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கலயத்தை நீருக்குள் அமிழ்த்தியே கவிழுங்கள். துணியைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள், ஆற்றில் ஏற்கெனவே கிடப்பது போதும். தோப்பில் ஒரே தென்னை மூட்டில் கொட்டாதீர்கள். எலும்புச் சாம்பலில் உப்பும் காரமும் அதிகம், கன்று என்றால் பட்டுவிடும். அகலமாக, மெல்லிசாகத் தூவி, மேலே தண்ணீர் பாய்ச்சுங்கள்.

கலயத்தை இறக்கும்போது தம்பியைக் கீழே நின்று தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்பது நாள் வெயிலில் கயிறு இற்றுப்போயிருக்கும்.