வாசகர் கேள்வி - பதில்: குழாய்க்குச் சரிவு கொடுத்தீர்களா?

போன இதழில், கட்டடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கணினியில் ஒருமுறை கட்டிப் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். மாணவர்கள், சைட்டில் வேலை பார்ப்பவர்கள், வீடு கட்டப் போகிறவர்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: எங்கள் ஆர்க்கிடெக்ட் வீட்டின் 3டி படங்களைக் காட்டினார். சோபா, திரைச்சீலை, ஜன்னல் வழியாக விழும் வெயில் வரை தத்ரூபமாக இருந்தது. ஆனால் "பிம் மாடல் வேண்டுமென்றால் அது தனி வேலை, கட்டணமும் தனி" என்கிறார். இரண்டும் ஒன்றுதானே? ஏமாற்றுகிறாரா? (வீடு கட்டவிருக்கும் வாசகி)

ஏமாற்றவில்லை அம்மா, இரண்டும் வேறு வேறு வேலை. நீங்கள் பார்த்தது படம். அந்தப் படத்துக்காகச் செய்த மாடலில் சுவர் என்பது வெறும் தோல். உள்ளே செங்கல்லா கான்கிரீட்டா, எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம், கேமரா நிற்கிற பக்கம் அழகாக இருந்தால் போதும். கேமராவுக்குப் பின்பக்கம் சுவரே இல்லாத மாடல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிம் என்று சொல்லப்படும் கட்டடத் தகவல் மாடலில், சுவருக்குக் கனம் உண்டு, எதனால் ஆனது என்ற விவரம் உண்டு, அதில் எந்தக் கதவு உட்கார்ந்திருக்கிறது என்பதும் பதிவாகியிருக்கும். படுக்கையறைக் கதவின் அகலத்தை 900 மில்லிமீட்டரிலிருந்து 1000 ஆக்குகிறோம் என்று வையுங்கள். பிளானில் மாறும், வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் மாறும், வெளிப்பக்கத் தோற்றமான எலிவேஷனில் மாறும், கதவுப் பட்டியலில் அந்த ஒரு வரி மாறும், சுவரின் கன அளவும் அதற்கேற்பக் குறையும். பழைய முறையில் இத்தனையையும் ஒவ்வொரு தாளாகப் போய்த் திருத்த வேண்டும், ஒன்றை மறந்துவிட்டால் கொத்தனார் கையில் ஒரு அளவு, தச்சர் கையில் வேறு அளவு. அப்புறம் கதவு நிலை வந்து இறங்கிய அன்றுதான் சண்டை. ஒரே விவரத்திலிருந்து எல்லா வரைபடங்களும் பிறக்க வேண்டும் என்பது புது யோசனையும் இல்லை. சார்லஸ் ஈஸ்ட்மேன் என்ற ஆய்வாளர் 1970களின் நடுவிலேயே இதை எழுதிவிட்டார், கணினிகள் அந்த அளவுக்கு வளர்ந்து வரத்தான் நாளானது.

உங்கள் ஒரு மாடி வீட்டுக்கு முழு பிம் வேண்டுமா என்றால், கட்டாயமில்லை என்பேன். ஆனால் படிக்கட்டு, குளியலறை, சமையலறை இந்த மூன்றை மட்டுமாவது நிஜ அளவுகளோடு மாடல் செய்து, குறுக்கே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அழகான படத்தில் படிக்கட்டு எப்போதும் நன்றாகத்தான் தெரியும். ஏழாவது படியில் நிற்கிறவர் தலைக்கு மேல் பீம் எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரெவிட், ஆர்க்கிகேட், ரைனோ, ஸ்கெட்ச்அப் என்று ஆளுக்கொரு மென்பொருளைச் சொல்கிறார்கள். எதை முதலில் கற்பது? (மாணவர்)

தகவல் மாடலுக்கு ஒன்று, வளைவு நெளிவான வடிவங்களுக்கு ஒன்று, இரண்டு போதும் தம்பி. ரெவிட் அல்லது ஆர்க்கிகேட், கூடவே ரைனோ, அதோடு வரும், விதிகளைக் கொடுத்து வடிவம் வரவைக்கும் கிராஸ்ஹாப்பர். காசில்லை என்றால் ஃப்ரீகேட் இருக்கிறது, பிளெண்டரில் போன்சாய் என்ற இணைப்பைப் போட்டால் அதிலேயே பிம் வேலையும் செய்யலாம், இரண்டுமே இலவசம். ஒன்றில் கை படிந்துவிட்டால் அடுத்ததற்கு மாறுவது பெரிய விஷயமில்லை. 1963இல் ஐவன் சதர்லாண்ட் திரையில் ஒளிப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார், 1982இல் ஆட்டோகேட் வந்தது, 2000இல் ரெவிட். உங்கள் பணிக்காலத்தில் இன்னும் எத்தனையோ வரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆர்க்கிடெக்ட் பிராங்க் கெரி, விமானம் வடிவமைக்கிற கேட்டியா மென்பொருளைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தவர் என்று படித்திருப்பீர்கள், 1992இல் பார்சிலோனாவில் அந்த உலோக மீன் சிற்பம், 1997இல் பில்பாவ் அருங்காட்சியகம். ஆனால் அவர் அலுவலகத்தில் வடிவம் பிறந்தது காகிதத்தையும் அட்டையையும் கையால் வளைத்துச் செய்த மாடலில். அதன் புள்ளிகளை அளந்துதான் கணினிக்குள் கொண்டுபோனார்கள். அதனால் மென்பொருளில் ஒரு ஜன்னலை இழுத்துப் போடும் முன், ஜன்னலின் அடிப்பகுதியைப் பென்சிலால் ஒரு செக்‌ஷன் போட்டுப் பாருங்கள். கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் வெளியே போகிறதா, சுவருக்குள் போகிறதா? அந்தக் கோட்டை உங்களால் வரைய முடியாவிட்டால் மென்பொருளும் உங்களுக்காக அதைச் சரிசெய்து தராது.

கேள்வி: பெரிய கட்டடம் ஒன்றில் ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். ஸ்ட்ரக்சர், ஏசி, பிளம்பிங், எலக்ட்ரிகல் நான்கு மாடல்களையும் சேர்த்து கிளாஷ், அதாவது ஒன்றோடொன்று இடிக்கும் இடங்களைப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் வருகிறது. வாராவாரம் மீட்டிங்கில் அந்த எண்ணைக் குறைப்பதுதான் இலக்கு. குறைந்துகொண்டும் வருகிறது, ஆனால் சைட்டில் உடைக்கிற வேலை மட்டும் நிற்கவில்லை. எங்கே தவறு? (பொறியாளர்)

அந்த எண்ணிலேயே தவறு இருக்கிறது. ஒரு குழாய் வரிசையாகப் பன்னிரண்டு பீம்களைக் குத்திக்கொண்டு போனால் மென்பொருள் பன்னிரண்டு கிளாஷ் என்று எண்ணும், பிரச்சினை ஒன்றுதான். குழாயை ஒருமுறை இறக்கினால் எண்ணிக்கையில் பன்னிரண்டு குறையும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் மாடலில் வரையப்படாத ஒன்று கிளாஷ் ஆகவே ஆகாது, உங்களை சைட்டில் உடைக்க வைப்பது பெரும்பாலும் அதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனைக் கட்டடம். நடைபாதையின் கூரைக்குள் கழிவுநீர்க் குழாய் ஒன்று 14 மீட்டர் ஓடிப் போய்ச் செங்குத்துக் குழாயில் சேர வேண்டும். மாடலில் அது பீம்களுக்கு 60 மில்லிமீட்டர் கீழே, அதற்கும் கீழே ஏசி காற்று போகும் தகர டக்ட், எங்கும் இடிக்கவில்லை, ரிப்போர்ட்டில் அந்த இடமே வரவில்லை. கான்கிரீட் எல்லாம் போட்டு முடிந்த பிறகு பிளம்பர் வந்தார், இரண்டு முனைகளுக்கும் நூல் கட்டினார், என்னைக் கூப்பிட்டு, "சார், குழாய்க்குச் சரிவே கொடுக்கலையே?" என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மாடலில் குழாய் தட்டையாகக் கிடந்திருக்கிறது. நூற்றுக்கு ஒன்று சரிவு என்றால் 14 மீட்டருக்கு 140 மில்லிமீட்டர். செங்குத்துக் குழாயில் சேரும் உயரம் மாறாது, அப்படியானால் மறுமுனை 140 மேலே ஏற வேண்டும், இருப்பதோ 60. மீதி 80 மில்லிமீட்டர் பீமுக்குள். பீமைக் குடைய ஸ்ட்ரக்சரல் பொறியாளர் சம்மதிக்கவில்லை, சம்மதிக்காததுதான் சரி. குழாயை இறக்கலாமென்றால் டக்ட். கடைசியில் டக்ட்டை இறக்கி, அதோடு நடைபாதை நெடுக ஃபால்ஸ் சீலிங்கையும் 100 மில்லிமீட்டர் இறக்கினோம். அந்தத் தாழ்ந்த சீலிங்கின் கீழே நடக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் உறுத்தும், ஏனென்றால் அந்த மாடலுக்கு ஒப்புதல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அதனால் கிளாஷ் ஓட்டும் முன் இதையெல்லாம் பாருங்கள். தண்ணீர் தானாக இறங்க வேண்டிய குழாய்களுக்குச் சரிவு கொடுத்திருக்கிறார்களா? டக்ட்டைச் சுற்றி வரும் இன்சுலேஷனின் கனம் மாடலில் இருக்கிறதா, தகரத்தை மட்டும் வரைந்திருக்கிறார்களா? தொங்கவிடும் ராடுகள், சப்போர்ட்டுகள்? வால்வைத் திருப்ப ஒரு ஆள் கையும் ஸ்பானரும் நுழைய இடம்? மாடல் எவ்வளவு விவரமானது என்பதை 100லிருந்து 500 வரை எண் போட்டுச் சொல்வார்களே, அதில் 300 என்றால் பொருளின் அளவும் இடமும் சரியாக இருக்க வேண்டும், 350 என்றால் சப்போர்ட்டும் இணைப்பும் மற்ற பொருள்களோடு அது சேரும் விதமும் வந்துவிட வேண்டும். ஒருங்கிணைப்புக்கு 350 வேண்டும். ஒப்பந்தத்தில் 350 என்று எழுதிவிட்டு 300ஐக் கொடுப்பது எங்கும் நடக்கிறது, அதை முதல் மீட்டிங்கிலேயே பிடித்துவிடுங்கள்.

யார் யாருக்கு வழி விடுவது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். சரிவுக் குழாய்களுக்கு முதல் இடம், அப்புறம் பெரிய டக்ட்டுகள், அப்புறம் அழுத்தத்தில் ஓடும் குழாய்கள், கேபிள் ட்ரே, கடைசியாகச் சின்னச் சின்ன பைப்புகள். வளைய முடியாதது முதலில், வளையக்கூடியது கடைசியில், அவ்வளவுதான் கணக்கு. இன்னொன்று, பிளம்பிங் ஃபோர்மேனை அந்த மீட்டிங்கில் உட்கார வையுங்கள். திரையில் மாடலைச் சுற்றிக் காட்டினால் பத்து நிமிஷத்தில் அவர் சொல்வது எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

கேள்வி: நாற்பது வருஷமாகக் கட்டட வேலை. இப்போது சைட்டில் டேப்லெட்டில் மாடலைக் காட்டி இதுதான் சரி என்கிறார்கள். நூல் பிடித்துப் பார்த்தால் 30 மில்லிமீட்டர் விலகுகிறது. சொன்னால், "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்கிறார் இளம் பொறியாளர். நான் என்ன செய்ய? (மேஸ்திரி)

ஐயா, நீங்கள் சொன்னது சரியா தவறா என்பது அப்புறம், சொன்னதை அவர் காதில் வாங்கியிருக்க வேண்டும். இதை அந்தப் பொறியாளரும் படிப்பார் என்ற நம்பிக்கையில் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஒரு பெரிய விளையாட்டரங்கம். 1970களின் தொடக்கத்தில், அதன் எஃகுக் கூரையைக் கணினியில் கணக்கிட்டு வடிவமைத்தார்கள், அன்றைக்கு அது பெரிய விஷயம். கூரை ஏறியதும், கணக்கு சொன்னதைப்போல இரண்டு மடங்கு தொய்வு. சைட்டில் இருந்தவர்கள் அதைச் சொன்னார்கள். கணக்குக்கும் நிஜத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று பதில் வந்தது. 1978 ஜனவரி 18 அதிகாலையில், பனியின் பாரத்தோடு கூரை இடிந்து விழுந்தது. சில மணி நேரத்துக்கு முன்புதான் சுமார் 5,000 பேர் அங்கே உட்கார்ந்து கூடைப்பந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மேல்பக்கக் கம்பிகளை நடுவில் தாங்கிப் பிடிக்கும் இணைப்பு உறுதியாக இருக்கிறது என்று கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நிஜத்தில் செய்த இணைப்பு அப்படித் தாங்கவில்லை. கணினி கூட்டிக் கழித்ததில் தப்பில்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் தப்பு.

இன்னொன்று, ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே லாஃபன்பர்க்கில் ரைன் ஆற்றின் மேல் கட்டிய பாலம். இரண்டு கரையிலிருந்தும் கட்டி வந்தார்கள். ஒரு நாடு உயரத்தை வட கடலை வைத்து அளக்கிறது, இன்னொன்று மத்தியதரைக் கடலை வைத்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், திருத்தமும் போட்டார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003இல் பார்த்தால் இரு பக்கமும் 54 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம், ஒரு பக்கத்தை மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று.

மாடலிலும் இதேதான். பூஜ்யம் எங்கே என்று வைத்திருக்கிறார்களோ அதிலிருந்துதான் எல்லா அளவும். ஆர்க்கிடெக்டின் மாடலில் முடிந்த தரை பூஜ்யமாக இருக்கும், ஸ்ட்ரக்சர் மாடலில் கான்கிரீட் மட்டமே பூஜ்யமாக இருக்கும், சேர்க்கும்போது யாரும் கவனிக்காவிட்டால் டைல்ஸ் கனமும் கலவைக் கனமும் காணாமல் போகும். அதனால் உங்கள் 30 மில்லிமீட்டரை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்று, தூணே கான்கிரீட் போடும்போது நகர்ந்திருக்கவும் கூடும், தப்பு மாடலில்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். தூண்களுக்குக் குறித்த கிரிட் லைனிலிருந்து டேப் பிடித்து, உயரம் குறித்து வைத்த பெஞ்ச் மார்க்கிலிருந்து மட்டம் பார்த்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, தேதியோடு எழுதிக் கொடுங்கள். சென்ட்ரிங் மூடும் முன்பு கொடுங்கள், வாய்ச்சொல்லாக விடாதீர்கள்.

கேள்வி: பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். லேசர் ஸ்கேன் செய்தால்தான் நல்லது என்கிறார்கள். தேவையா?

நேரான நான்கு சுவர் வீடாக இருந்தால் டேப்பும் தூக்குக்குண்டும் போதும், ஒவ்வொரு அறைக்கும் இரண்டு மூலைவிட்டங்களையும் மறக்காமல் அளக்கச் சொல்லுங்கள், இரண்டும் சமமாக இல்லையென்றால் அறை கோணலாக இருக்கிறது. வளைவுகள், சிற்ப வேலை, சாய்ந்த சுவர் எல்லாம் இருந்தால் ஸ்கேன் நிச்சயம் உதவும். பாரிஸின் நோத்ர்தாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாக ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 2019 ஏப்ரலில், கூரை எரிந்தது. திரும்பக் கட்டியவர்களுக்கு அவர் விட்டுச்சென்ற அளவுகள் கைகொடுத்தன. ஆனால் லேசருக்கு மேற்பரப்புதான் தெரியும். பூச்சுக்குள் ஈரம் இருக்கிறதா, உத்தரத்தின் முனை சுவருக்குள் செல்லரித்திருக்கிறதா என்பதை ஆள் ஏறித் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வேலை முடிந்ததும் ஆர்க்கிடெக்டிடமிருந்து எந்த ஃபைலை வாங்கி வைப்பது?

மூன்றும் வாங்குங்கள். அவர் வேலை செய்த மூல ஃபைல், ஐஎஃப்சி ஃபைல், பிடிஎஃப். மூல ஃபைல் அந்த மென்பொருளின் அந்தப் பதிப்பில்தான் ஒழுங்காகத் திறக்கும். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஹாம்பர்க்கில் இருந்தவர்களும் துலூஸில் இருந்தவர்களும் ஒரே மென்பொருளின் வேறு வேறு பதிப்பில் வேலை செய்து, வயரிங் பொருந்தாமல் போய், 2006இல் பெரும் தாமதம் ஆனது. ஐஎஃப்சி பொதுவான வடிவம், 2013இல் ஐஎஸ்ஓ தரமாகவே வந்துவிட்டது, வேறு மென்பொருளிலும் திறக்கும்.

கட்டும்போது மாற்றியதை மாடலில் திருத்தினார்களா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் திருத்தியிருக்க மாட்டார்கள். அதற்காகவே, பூச்சு வேலைக்கு முன்னால், குழாயும் வயரும் வெளியே தெரிகிற நிலையில் ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று போட்டோ எடுத்து, அறையின் பெயரைப் போட்டு அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். படத்தில் ஓரமாக ஒரு டேப் விரிந்து கிடக்கட்டும், ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.