மருந்தடித்த மூன்றாவது வாரம் மூட்டைப்பூச்சி மறுபடி கடிப்பது ஏன்?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். ராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்களுக்கு முன்னறையை நாள் வாடகைக்கு விடுகிறோம். ஒன்றரை வருடமாக மூட்டைப்பூச்சித் தொல்லை. கடையில் விற்கும் ஸ்பிரேயை அடித்தால் அடங்குகிறது. மூன்று வாரத்தில் மறுபடி கடிக்கிறது. ஆடி அமாவாசைக்கு வந்தவர்களின் பைகளில் வந்திருக்கும் என்று நினைத்தோம். ஆனால் யாரும் தங்காத மாதங்களிலும் இதே கதைதான். கூடத்தில் இரண்டு பனைநார்க் கட்டில்களும் ஓர் இலவம்பஞ்சு மெத்தையும் உள்ளன. மாமியார் மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனோ, அரிசி மூட்டைக்கு வைக்கும் மாத்திரையை அறைக்குள் வைத்துப் பூட்டினால் ஒரே இரவில் ஒழிந்துவிடும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: முதலில் அந்த மாத்திரை. அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளிவிடும். உங்கள் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. அறையைப் பூட்டினாலும் கதவிடுக்கு, ஓட்டு இடைவெளி, சுவர் விரிசல் வழியாக அந்த வாயு பக்கத்து அறைக்குப் போகும். உடலுக்குள் போய்விட்டால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. இப்படி வைத்துவிட்டு அடுத்த அறையில் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. அதனால்தான் பயிற்சியும் அரசு அனுமதியும் பெற்றவர்கள் மட்டுமே அதைக் கையாள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் டப்பாவைத் திறக்காமல், தண்ணீர் படாமல், வீட்டுக்கு வெளியே பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் வைத்திருந்து கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், இருந்தாலும் வேண்டாம்.

மண்ணெண்ணெய் தான் படும் பூச்சியை மட்டும் கொல்லும். நார் முடிச்சுக்குள் இருப்பதை எட்டாது. பனைநார், பஞ்சு, மண்ணெண்ணெய் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை பழமொழியோடு நிற்காது.

இனி உங்கள் கடிதத்திலேயே இருக்கும் விடைக்கு வருகிறேன். மூன்று வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூட்டைப்பூச்சி எப்போது திரும்புகிறது என்பதை வைத்தே அது எங்கிருந்து வருகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெண் பூச்சி சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை முட்டைகளை இடுக்குகளில் பசைபோட்டு ஒட்டிவைக்கும். ஸ்பிரே பெரும்பாலும் அந்த முட்டைகளைக் கொல்வதில்லை. நம் ஊர் வெப்பத்தில் 6 முதல் 10 நாட்களுக்குள் அவை பொரிக்கும். புதிதாகப் பொரித்த குஞ்சு கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதன் கடியும் சட்டென்று உறைக்காது. அது ஒருமுறை இரத்தம் குடித்துத் தோலுரித்து, மறுபடி குடித்துத் தோலுரித்துப் பருக்கும்போதுதான் வீட்டில் எல்லோரும் சொறியத் தொடங்குகிறார்கள். அப்போது கணக்குப் பார்த்தால் மூன்று வாரம் ஆகியிருக்கும். ஐந்து முறை தோலுரித்து முழுப் பூச்சியாக இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குமுன் நீங்கள் அடுத்த ஸ்பிரேயை அடித்துவிடுகிறீர்கள். கொஞ்சம் சாகிறது, கொஞ்சம் தப்புகிறது. ஒன்றரை வருடமாக நடப்பது இதுதான்.

வெளியிலிருந்து வந்த பூச்சி என்றால் நடையே வேறாக இருக்கும். இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்குப் பிறகு முன்னறையில் தொடங்கி மெல்லப் பரவும். உங்களுக்கோ கூடத்திலேயே ஊறிப்போயிருக்கிறது. ஆகவே யாத்திரிகர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கடை ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. நம் வெப்ப நாட்டு மூட்டைப்பூச்சியான சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் பல இடங்களில் அதற்குப் பழகிப்போய்விட்டது. போதாக்குறைக்கு, அந்த நெடி பட்டதும் சாகாதவை சுவர் விரிசலுக்கும் அலமாரிக்கும் சிதறி ஓடும். நுவான் என்ற பழைய பூச்சிமருந்தை யாராவது தேடிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. வேப்பெண்ணெய், வசம்பு, நொச்சி எல்லாம் சிறிது நேரம் விலகச் செய்யலாம். முட்டையை ஒன்றும் செய்யாது.

என் சந்தேகம் முழுக்க அந்தப் பனைநார்க் கட்டில்கள் மீதுதான். காற்றோட்டமாகப் படுக்க அதைப்போல் ஒன்று கிடையாது. ஆனால் நார் குறுக்கும் நெடுக்கும் ஏறி இறங்கும் ஒவ்வோர் இடமும், சட்டம் காலுக்குள் செருகும் ஒவ்வொரு துளையும் பூச்சிக்கு ஒரு வீடு. டார்ச் அடித்துப் பாருங்கள். மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகளும் உரித்த தோல்களும் ரவைத் துகள் போன்ற முட்டைகளும் தெரியும்.

இதற்குக் கொதிநீரைவிடச் சிறந்த மருந்து இல்லை. சுமார் 50 டிகிரி வெப்பத்துக்கு மேல் பூச்சியும் பிழைக்காது, முட்டையும் பிழைக்காது. கட்டிலைப் பெரிய பாலிதீன் தாளால் சுற்றி, வழியில் எதுவும் உதிராமல் முற்றத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே சொம்பில் எடுத்து, பொருத்துகளில் மிக நெருக்கமாக மெல்ல ஊற்றுங்கள். வாளியிலிருந்து தூரமாக வீசினால் நாருக்குள் போவதற்குள் ஆறிவிடும். கட்டிலைக் கவிழ்த்தும் ஊற்ற வேண்டும். பிறகு வெயிலில் காயவிடுங்கள். வெறும் வெயிலை மட்டும் நம்பினால், பூச்சி நிழல் பக்கமாக நகர்ந்து பிழைத்துக்கொள்ளும். 10 நாள் கழித்து ஒருமுறை, அதற்கு 10 நாள் கழித்து இன்னொரு முறை இதையே செய்யுங்கள். முதல் முறையில் தப்பிய முட்டைகள் பொரித்து, அவை வளர்ந்து முட்டையிடுவதற்குள் முடித்துவிட வேண்டும். இந்த இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். பலர் முதல் முறையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மெத்தைக்குத் தண்ணீர் ஆகாது. பஞ்சைப் பிரித்து மெல்லிதாகப் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து, உறையைக் கொதிநீரில் போட்டெடுத்துத் திரும்பத் தைக்கலாம். இல்லாவிட்டால் ஜிப் வைத்த முழு உறைக்குள் மெத்தையை அடைத்து, ஜிப்பின் முனையில் டேப் ஒட்டி, ஒரு வருடம் பிரிக்காமல் விடுங்கள். உள்ளே இருப்பவை பட்டினியில் சாகும். துணிகளைக் கொதிநீரில் ஊறவையுங்கள். அதற்கு ஆகாதவற்றைக் கறுப்புப் பாலிதீன் பைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கட்டி, உச்சி வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் வைத்துப் புரட்டிவிடுங்கள். பையைத் திணித்து நிரப்பினால் நடுவில் சூடு ஏறாது.

இதற்கிடையில் கடி தாங்காமல் முன்னறைக்குப் போய்ப் படுக்காதீர்கள். மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் தேடி வருவதுதான் அதன் பிழைப்பு. நீங்கள் போகுமிடத்துக்கு அதுவும் வரும். கொதிநீர் ஊற்றிய கட்டிலிலேயே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் தொங்காமல் படுங்கள். கட்டில் கால்களைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். நம் ஊர் வகை வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் ஓரளவு ஏறக்கூடியது என்பதால் வெறும் கிண்ணம் போதாது. தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நீங்களே தொட்டில் கட்டியதாகிவிடும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. கூடத்துச் சுவரையொட்டிக் கோழிக்கூடு இருக்கிறதா? இந்த வகை கோழியின் இரத்தத்தையும் குடிக்கும். கூடு இருந்தால் அதன் பலகைகளுக்கும் அதே கொதிநீர், அதே தேதிகள். கோழிகளை முதலில் வெளியே விட்டுவிடுங்கள்.

மூட்டைப்பூச்சி கடியால் நோய் தொற்றுவதாக உறுதியான சான்று இல்லை. சொறிந்த இடம் சீழ் பிடித்தாலோ, குழந்தை வெளிறிச் சோர்ந்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்குத் தடிப்பு பல நாள் கழித்துத்தான் எழும்பும் என்பதால், தொல்லை ஒழிந்ததா என்பதைத் தோலைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். கிண்ணத்தையும் விரிப்பில் புதுக் கரும்புள்ளி விழுகிறதா என்பதையும் பாருங்கள். ஆறு வாரம் இரண்டும் சுத்தமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இல்லையென்றால் உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரைக் கூப்பிடுங்கள். ஒரே முறை அடித்துவிட்டுப் போவாரா, இரண்டு வாரத்தில் மறுபடி வருவாரா என்று கேட்டுவிட்டே பணம் பேசுங்கள்.

கூடம் சரியான பிறகு முன்னறைக்கு மரக் கட்டிலைவிட இடுக்கு குறைந்த இரும்புக் கட்டிலே நல்லது. பைகளை வைக்க ஓர் உயர்ந்த ஸ்டூல் போடுங்கள். ஒவ்வொரு குடும்பமும் கிளம்பியதும் மெத்தையின் தையலோரத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, விரிப்பை உதறாமல் அப்படியே பையில் சுருட்டிக் கொதிநீருக்குக் கொண்டுபோங்கள்.