கண்ணை மூடினால் ஒளிந்தாச்சா? சின்னக் குழந்தைகளின் மனம் பற்றிக் கேள்வி பதில்

ஒன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் தங்களையும் மற்றவர்களையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னுடைய பதில்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மகளுக்கு 14 மாதம். கண்ணாடியைக் காட்டினால் உள்ளே வேறு பாப்பா இருப்பதுபோல் முத்தம் கொடுக்கிறாள். தன்னை எப்போது அடையாளம் தெரிந்துகொள்வாள்?

இன்னும் சில மாதம் போகட்டும் அம்மா. 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தைகளின் மூக்கில் அவர்களுக்குத் தெரியாமல் சிவப்புச் சாயம் தடவிவிட்டுக் கண்ணாடி முன்னால் விட்டார். சின்னவர்கள் கண்ணாடிக் குழந்தையோடு விளையாடினார்கள். 20 மாதம் தாண்டியவர்களில் பெரும்பாலோர் தங்கள் மூக்கையே தொட்டுப் பார்த்தார்கள். வீட்டில் குங்குமம் வைத்து நீங்களும் பார்க்கலாம். நெற்றிப் பொட்டு நம் குழந்தைகளுக்குப் பழகிப்போன விஷயம், அதனால் மூக்கில் வையுங்கள்.

ஆனால் தொடவில்லை என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. கென்யாவில் ஆறு வயது வரையிலான குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்தபோது ஓரிருவரைத் தவிர யாரும் அந்தக் குறியைத் தொடவில்லை. அசையாமல் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன்னைத் தெரியாது என்று யார் நம்புவார்கள்? ஜாம்பியா, ஸ்காட்லாந்து குழந்தைகளை 2017இல் ஒப்பிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. தன் உடம்பே தடையாக இருக்கிறது என்று உணர்ந்து, நிற்கும் விரிப்பை விட்டு விலகினால்தான் முடியும் என்ற மாதிரியான வேலையில் ஜாம்பியக் குழந்தைகள் முந்தினார்கள். கண்ணாடி சோதனையில் ஸ்காட்லாந்துக் குழந்தைகள் முந்தினார்கள். எந்தத் திறன் முதலில் வெளியே தெரியும் என்பது வளர்ப்பு முறையையும் பொறுத்தது.

கேள்வி: மேடம், பையனுக்கு இரண்டே கால் வயசு. யார் வீட்டுக்கு வந்தாலும் "என்னது, என்னது" என்று பொம்மையைப் பிடுங்குகிறான். சுயநலமாக வளர்க்கிறாய் என்று மாமியார் சொல்கிறார்.

"நான்" என்று ஒருவன் இருப்பது தெரிந்த பிறகுதான் "என்னது" வரும். 1983இல் லாரா லெவின் இரண்டு வயதுப் பையன்களை ஜோடியாக விளையாடவிட்டுக் கவனித்தார். தன்னைப் பற்றிய தெளிவு கூடுதலாக இருந்த பையன்கள்தான் பொம்மைகளுக்கு அதிகம் உரிமை கொண்டாடினார்கள். பக்கத்தில் இருந்த பையனோடு அதிகம் பேசிப் பழகியவர்களும் அவர்கள்தான். எனவே உங்கள் மகனிடம் நீங்கள் பார்ப்பதைக் குணக்கேடு என்று நினைக்காதீர்கள். விருந்தினர் வரும் முன்பே அவனுக்கு மிகப் பிடித்த ஒன்றிரண்டை அவன் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மிச்சம் எல்லாம் எல்லோருக்கும்.

மாமியாருக்கு இன்னொன்றும் சொல்லலாம். 1997இல் பெட்டி ரெபாகோலியும் ஆலிசன் காப்னிக்கும் குழந்தைகள் முன்னால் பிரோக்கோலியை ரசித்துச் சாப்பிட்டு, பிஸ்கட்டுக்கு முகம் சுளித்துக் காட்டினார்கள். அப்புறம் "எனக்குக் கொஞ்சம் கொடு" என்று கை நீட்டினார்கள். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டைக் கொடுத்தார்கள். 18 மாதக் குழந்தைகள், தாங்கள் விரும்பாத பிரோக்கோலியை எடுத்துக் கொடுத்தார்கள். எதிரில் இருப்பவருக்கு வேறு ஆசை இருக்கும் என்பது "என்னது" வரும் அதே காலத்தில்தான் தெரியவருகிறது.

கேள்வி: மகள் கண்ணாமூச்சி ஆடும்போது நடுக்கூடத்தில் நின்று கண்ணை மட்டும் பொத்திக்கொள்கிறாள், மூன்றரை வயதாகியும். இது சரியா?

ரொம்பச் சரி. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று இதைப் பற்றியதுதான். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் ரஸ்ஸலும் உடன் இருந்தவர்களும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் கண்ணை மறைத்துவிட்டு "உன்னை என்னால் பார்க்க முடிகிறதா?" என்று கேட்டார்கள். பெரும்பாலோர் "முடியாது" என்றார்கள். "உன் தலை தெரிகிறதா?" என்றால் "தெரிகிறது" என்றார்கள்.

உடம்பு தெரியும் என்று குழந்தைக்கு நன்றாகத் தெரிகிறது. "நான்" மட்டும் தெரியவில்லை என்கிறது! கண் திறந்திருந்தாலும் இருவர் பார்வையும் சந்திக்காவிட்டால் "பார்க்கவில்லை" என்றே பல குழந்தைகள் சொன்னார்கள். இந்த வயதில் ஒருவரைப் பார்ப்பது என்றால் கண்ணும் கண்ணும் சேர்வது. அவளைத் திருத்த வேண்டாம். நீங்கள் ஒளியும் முறை வரும்போது கதவுக்குப் பின்னால் ஒளியுங்கள், தானே பிடித்துக்கொள்வாள்.

கேள்வி: நாலு வயசுப் பையன் வாயில் சர்க்கரையோடு வந்து "நான் சாப்பிடலை" என்கிறான். இந்த வயதிலேயே பொய்யா? அடித்துத் திருத்த வேண்டுமா?

அடிக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1983இல் ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் விம்மரும் யோசெப் பெர்னரும் ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அவர்கள் கணக்கு. நான்கு, ஐந்து வயதில் இது மாறும். இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து, கனடா ஆகிய ஐந்து நாடுகளில் இதே போன்ற ஒரு சோதனை செய்தபோதும் ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு சோதனையில் மிட்டாய் டப்பாவுக்குள் பென்சில் வைத்திருந்தார்கள். திறந்து காட்டிவிட்டு, "திறக்கும் முன் உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தாய்?" என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தை "பென்சில்" என்கிறது. ஒரு நிமிடம் முன்பு தான் நினைத்தது தவறு என்பதே அதற்குப் பிடிபடவில்லை. அடுத்தவர் மனதில் தவறான எண்ணம் இருக்கலாம் என்பதும், தன் மனதிலும் இருந்தது என்பதும் கிட்டத்தட்ட ஒரே வயதில் வருகின்றன. தன்னை அறிவதையும் பிறரை அறிவதையும் நான் பிரித்துப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று புரிந்தவனால்தான் பொய் சொல்ல முடியும். அந்தப் புரிதல் வந்துவிட்டது. உதட்டுச் சர்க்கரை காட்டிக்கொடுக்கும் என்ற யோசனை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். கனடாவில் விக்டோரியா தல்வாரும் காங் லீயும் "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிப் பின்னால் ஒரு பொம்மையை வைத்தார்கள். திரும்பிப் பார்த்த மூன்று வயதினரில் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் பொய் சொன்னார்கள்.

கதை சொல்லித் திருத்தலாமா என்றும் 2014இல் பார்த்தார்கள். ஓநாய் வருது என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பையனின் கதை (நம் ஊரில் புலி வருது) பலன் தரவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்கள் அதிகம் உண்மை சொன்னார்கள். எனவே "சாப்பிட்டாயா?" என்று விசாரிக்காமல் "வாய் துடைத்துக்கொள், அடுத்த முறை கேட்டு எடு" என்று சொல்லுங்கள். உண்மை சொன்ன நாளில் திட்டவே திட்டாதீர்கள்.

கேள்வி: பேத்தி "நான்" என்று சொல்வதே இல்லை. "பாப்பாவுக்கு வேணும்" என்கிறாள். இரண்டு வயது.

நாமும் அவளிடம் "தாத்தா தரேன்", "பாப்பா வா" என்றுதானே பேசுகிறோம் ஐயா! பேசுபவர் மாறினால் "நான்" ஆளும் மாறும், பெயர் மாறாது. அதனால் பெயர் எளிது. மூன்று வயதுக்குள் பெரும்பாலும் வந்துவிடும்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பையன் தங்கையைக் கிள்ளிவிட்டு அவள் அழுவதை வேடிக்கை பார்க்கிறான். ஸாரி சொல்லவைக்கிறோம், பலனில்லை.

பலன் இருக்காது. டோரிஸ் பிஷோஃப்-கோலர் செய்த ஆய்வில், விளையாடிக்கொண்டிருந்த பெரியவரின் கரடி பொம்மைக்குக் கை பிய்ந்துபோக, அவர் அழுதார். கண்ணாடியில் தன்னை அறிந்த குழந்தைகள்தான் உதவ வந்தார்கள். மற்றவர்கள் குழம்பி நின்றார்கள். உங்கள் மகன் இப்போது அந்த எல்லையில் இருக்கிறான். கையைப் பிடித்து நிறுத்துங்கள், "பாப்பாவுக்கு வலிக்குது, பாரு" என்று சொல்லுங்கள், தடவிக் கொடுக்கக் காட்டுங்கள். வாயால் ஸாரி பிறகு வரட்டும்.

கேள்வி: ஒரே பிள்ளை. அண்ணன் தம்பி இல்லாததால் பிறர் மனம் புரியாமல் போகுமா?

போகாது. அண்ணன் அக்கா உள்ள குழந்தைகள் மாக்ஸி கதை போன்றவற்றில் சற்று முந்துவதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் வீட்டில் மனதைப் பற்றிப் பேசுவது பெரிய பங்கு வகிக்கிறது. காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்து, சைகை மொழி தாமதமாகக் கிடைத்த காது கேளாத குழந்தைகளுக்கு இந்தப் புரிதல் தாமதமாகிறது. பெற்றோரே சைகை மொழி பேசினால் அந்தத் தாமதம் இல்லை. "அத்தை ஏன் கோபப்பட்டாங்க தெரியுமா?" என்ற வகைப் பேச்சு தினமும் நடக்கட்டும்.

கேள்வி: 18 மாதம். விரல் நீட்டி எதையும் காட்டமாட்டான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். பையன்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்கிறார்கள்.

பேச்சுக்காகக் காத்திருக்காதீர்கள். "அங்கே பார்" என்று காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பது, இருவரும் ஒன்றையே கவனிக்கிறோம் என்ற புரிதலின் முதல் அடையாளம். ஒரு வயதையொட்டி வரும். 18 மாதத்தில் இரண்டுமே இல்லையென்றால் உடனே பாருங்கள். முதலில் காது சோதனை, பிறகு குழந்தை மருத்துவரிடம் வளர்ச்சி மதிப்பீடு. தமிழ்நாட்டில் இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே பார்க்கும் மையம் எங்கே என்று கேளுங்கள். ஆட்டிசமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், சீக்கிரம் தொடங்கும் பயிற்சி உதவும். போகும்போது வீட்டில் எடுத்த இரண்டு மூன்று வீடியோ கொண்டுபோங்கள்: சாப்பிடும்போது, விளையாடும்போது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது. புது இடத்தில் பல குழந்தைகள் இயல்பாக இருக்கமாட்டார்கள்.