தருமபுரி யார் கோட்டை? தேர்தல் கேள்வி பதில்

கேள்வி (காரிமங்கலம்): அண்ணா, தருமபுரி எம்.பி. தொகுதி பாமக கோட்டைன்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 39இல் 37 தொகுதியை அதிமுக அள்ளிய 2014இல், தப்பிய இரண்டில் ஒன்று தருமபுரி. அன்புமணி ஜெயித்தார். அதே அன்புமணி 2019இல் திமுகவின் டாக்டர் செந்தில்குமாரிடம் சுமார் 70 ஆயிரம் வாக்கில் தோற்றார். 2024இல் சௌமியா அன்புமணி, திமுகவின் வழக்கறிஞர் ஆ. மணியிடம் சுமார் 21 ஆயிரத்தில் தோற்றார். பாமகவுக்கு இங்கே கெட்டியான வாக்கு உண்டு, ஆனால் அது மட்டும் போதாது.

கேள்வி (அரூர்): 2019இல் அதிமுகவும் கூடவே இருந்ததே, அப்புறம் ஏன் தோல்வி?

பதில்: யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன்! உங்கள் ஊரையே பாருங்கள். 2019 ஏப்ரல் 18 அன்று அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்தே நடந்தது. தினகரன் பக்கம் போய்ப் பதவி இழந்த 18 அதிமுக எம்.எல்.ஏ.க்களில் இருவரின் தொகுதிகள் அவை. இரண்டிலும் அதிமுகதான் ஜெயித்தது. எம்.பி. மட்டும் திமுக. எடப்பாடி ஆட்சிக்கு ஒரு ஓட்டு, மோடிக்கு எதிராக ஒரு ஓட்டு என்று பிரித்துப் போட்டவர்கள் கணிசம் என்பது என் கணிப்பு. 2021இல் அதே அதிமுக-பாமக கூட்டணி, மேட்டூர் உட்பட இந்த எம்.பி. தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் பிடித்தது. சாதிக் கணக்கு மட்டும் போடுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கேள்வி (ஏரியூர்): எங்க பென்னாகரம் சட்டமன்றத் தொகுதி எப்படி?

பதில்: யாருக்கும் பட்டா எழுதித் தராத ஊர். 2010 இடைத்தேர்தலில் ஜெயித்தவர் திமுகவின் இன்பசேகரன். பாமக இரண்டாவது, அதிமுகவுக்கு டெபாசிட் காலி. அடுத்த ஆண்டே அதிமுக கூட்டணியில் நின்ற இந்திய கம்யூனிஸ்ட் நஞ்சப்பன். 2016இல் முதல்வர் வேட்பாளர் அன்புமணியையே இன்பசேகரன் தோற்கடித்தார். 2021இல் பாமகவின் ஜி.கே. மணி.

கேள்வி (பாலக்கோடு): வேட்பாளரின் பின்னணியை எப்படித் தெரிஞ்சுக்கறது சார்?

பதில்: வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே படிக்கலாம். பழைய ஆள் என்றால் போன தேர்தல் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், சுவாரசியமாக இருக்கும்.

கேள்வி: எங்க ஊர் பூத்தில் யாருக்கு எவ்வளவு விழுந்ததுன்னு பார்க்க முடியுமா?

பதில்: முடியும். வாக்கு எண்ணிக்கை முடிவுத் தாளான படிவம் 20இல் சாவடிவாரியாக இருக்கும். தபால் வாக்கு மட்டும் மொத்தமாகத்தான் வரும். தேர்தலுக்குத் தேர்தல் சாவடி எண் மாறலாம், அதனால் அந்தந்த ஆண்டின் சாவடிப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு டீக்கடையில் வாதாடுங்கள்.