நீல முக்கோணம் யாருடையது?

கேள்வி: வீட்டிலுள்ள பழைய அட்லஸில் செக்கோஸ்லோவாக்கியாவின் கொடி என்று போட்டிருப்பதும் இன்றைய செக் குடியரசின் கொடியும் அப்படியே ஒன்றாக இருக்கின்றன. அச்சுப் பிழையா?
— வாசகி, காரைக்குடி

பதில்: பிழை இல்லை அம்மா, இரண்டும் ஒரே கொடிதான். மேலே வெள்ளை, கீழே சிவப்பு, கம்பத்தின் பக்கமிருந்து நடுவரை நீளும் நீல முக்கோணம். பள்ளியில் பூகோளம் நடத்திய காலத்திலிருந்தே இந்தக் கொடி மேல் எனக்குத் தனிப் பிரியம். கரும்பலகையில் மூன்று கலர் சாக்பீஸால் வரைந்து காட்டுவேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1918 அக்டோபர் 28-ல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தபோது முதலில் ஏற்றியது வெறும் வெள்ளை-சிவப்புக் கொடி. செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் பழைய சின்னம் சிவப்புப் பின்னணியில் வெள்ளிச் சிங்கம். அந்த நிறங்கள்தான் இவை. இதில் இரண்டு சிக்கல். பக்கத்து நாடான போலந்தும் இதே வெள்ளை-சிவப்பை ஏற்றியது. இன்னொன்று, புது நாட்டில் கூட்டுச் சேர்ந்த ஸ்லோவாக்கியருக்குக் கொடியில் இடமே இல்லை. ஆகவே 1920 மார்ச் 30-ல் நாடாளுமன்றம் நீல முக்கோணத்தைச் சேர்த்தது. ஸ்லோவாக்கியரின் பங்கு அந்த நீலம் என்றுதான் பெரும்பாலோர் புரிந்துகொண்டார்கள்.

1939-ல் ஹிட்லரின் படை நுழைந்ததும் கொடி இறங்கியது. செக் பகுதிக்கு வெள்ளை, சிவப்பு, நீலம் என்று மூன்று கிடைப்பட்டைகள் கொண்ட வேறு கொடி வந்தது. போர் முடிந்ததும் பழையது திரும்பி வந்து, 1992 முடிவில் நாடு செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என்று இரண்டாகப் பிரியும் வரை பறந்தது.

கேள்வி: அப்படியானால் பிரிந்தபோது ஸ்லோவாக்கியா உரிமை கேட்கவில்லையா?
— அதே வாசகி

பதில்: இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். 1992 நவம்பர் 25-ல் இரண்டு குடியரசுகளுக்கும் பொதுவான கூட்டாட்சி நாடாளுமன்றம் நாட்டைக் கலைக்கும் அரசியல் சட்டத்தை நிறைவேற்றியது. கலைந்த பிறகு கூட்டாட்சியின் அரசுச் சின்னங்களை இரு நாடுகளும் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே தெளிவாக எழுதியிருந்தது. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 17-ல், செக் குடியரசின் சட்டமன்றமான செக் தேசிய மன்றம் அதே கொடியைத் தன் கொடியாக அறிவித்துவிட்டது!

ஸ்லோவாக்கியா அந்தக் கொடியைக் கேட்கவில்லை என்பது உண்மை. அதற்கு அந்த ஆண்டு செப்டம்பரிலேயே சொந்தக் கொடி முடிவாகிவிட்டது: வெள்ளை, நீலம், சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று நீல மலைகளும் இரட்டைச் சிலுவையும் கொண்ட கேடயம். (கேடயத்தை எடுத்துவிட்டால் ரஷ்யக் கொடி ஆகிவிடும், அதனால்தான் அதைச் சேர்த்தார்கள்.) கேட்கவில்லை என்பதால் வருத்தமில்லை என்று ஆகாது. சேர்ந்து வாழ்ந்த வீட்டைப் பிரிக்கும்போது பொதுச் சொத்தை யாரும் எடுக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் மட்டும் எடுத்துக்கொண்டால் தம்பிக்கு எப்படி இருக்கும்?

செக் மக்களின் பக்கமும் நியாயம் உண்டு. வெள்ளை-சிவப்புக்கே திரும்பினால் மறுபடி போலந்துக் குழப்பம். 1990 முதல் 1992 வரை கூட்டாட்சிக்குள் செக் குடியரசின் கொடியாக அதுதான் இருந்தது, மக்கள் மனத்தில் ஒட்டவே இல்லை. இப்போது நீலத்தை, செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் நிறம் என்று சொல்வாரும் உண்டு. மொராவியாவின் கழுகுச் சின்னத்துக்குப் பின்னணி நீலம்தான். ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். ஸ்லோவாக்கியாவிடம் முறையாகச் சம்மதம் கேட்டு எழுதி வாங்கியிருக்கலாம். பிரிவு அவ்வளவு அமைதியாக நடந்த நாட்டில் அது கடினமாக இருந்திருக்காது.

கேள்வி: கம்யூனிஸ்ட் ஆட்சி கொடியை மாற்றவில்லையா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கொடியில் கை வைக்கவில்லை. அரசுச் சின்னத்தைத்தான் 1960-ல் மாற்றினார்கள். சிங்கத்தின் கிரீடம் போய் ஐந்துமுனை நட்சத்திரம் வந்தது. ஸ்லோவாக்கியரின் இரட்டைச் சிலுவை போய் மலையும் தீயும் வந்தன. ஆனால் ஹங்கேரியைப்போல, ருமேனியாவைப்போல அந்தச் சின்னத்தைக் கொண்டுபோய்க் கொடி நடுவில் ஒட்டவில்லை. 1956-ல் புதாபெஸ்டிலும் 1989-ல் புக்காரெஸ்டிலும் கிளர்ச்சி செய்தவர்கள் கொடியின் நடுவை வெட்டி, ஓட்டைக் கொடியோடுதான் தெருவுக்கு வந்தார்கள். செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில் அதற்குத் தேவையே வரவில்லை. 1989 நவம்பரில் ஆட்சியை எதிர்த்துக் கூடிய மக்கள் வெள்ளை, சிவப்பு, நீல நாடாவைக் கோட்டில் குத்திக்கொண்டு வந்தார்கள். எதிர்த்தவர்கள் கையிலும் அரசுக் கட்டடத்தின் மேலும் இருந்தது ஒரே கொடி.